அன்றைக்குக் கொடுத்த தண்ணீர்

வாய் வைத்துக் குடித்தவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. துரு வாசனை இல்லை, கரிப்பு இல்லை. ஒரு மடக்குப் போதும், எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிட. தெரிந்துகொண்டேதான் குடித்தானா? தெரிந்துகொண்டேதான் என்னைப் பார்த்துச் சிரித்தானா?

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து கொளஞ்சி இதையே நினைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் எதிர்வீட்டு மங்கலம். அவள் மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், அதன்மேல் இரண்டு கைகளும். கால் வீக்கத்தால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தாள்.

காலையில் டாக்டர் மங்கலத்தின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வலி மாத்திரை ஜாஸ்தி போடுவீங்களா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்றார்.

"போரு தண்ணிதான் சார். அஞ்சு வருஷமா. அதுக்கு முந்தி கேனு வாங்கிகிட்டு இருந்தோம்" என்றாள் மங்கலம்.

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். தண்ணீரால்தான் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் மங்கலத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த கொளஞ்சிக்கு அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. அஞ்சு வருஷம் என்பது மட்டும் ஏறியது.

வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு பிரச்சார ஜீப் ஒலிபெருக்கி அலற எதிரே போனது. முன் சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்துச் சலித்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ யாருக்குப் போடறதுன்னே புரியல. எங்க ஊருக்கு வந்தவரு கார விட்டு எறங்கவே இல்ல. கண்ணாடிய எறக்கி நாலு வெரல ஆட்டிட்டுப் போயிட்டாரு. ஏசி வெளிய போயிடும்னு பயம் போல."

மங்கலத்துக்கு உடம்பு வலி எங்கே போனதோ, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எங்காளு இளவழகன் அப்படி இல்ல. எங்க ஊரு தண்ணியயே வாங்கிக் குடிச்சவரு."

"உங்க ஊருன்னா? கெமிக்கல் கம்பெனிங்க பக்கமா? அய்ய, அந்தத் தண்ணியயா! நாங்க அங்க பொண்ணு எடுத்தாக்கூட மாப்பிள்ளைக்கு பாட்டில் குடுத்துல்ல அனுப்புவோம்?"

"வாய் வச்சே குடிச்சாருங்கறேன். இதோ, இவ கையாலதான் வாங்கினாரு. கேளு இவள."

அந்தப் பெண் கொளஞ்சியைப் பார்த்தாள். கொளஞ்சி தலையை ஆட்டினாள். ஐந்து வருஷமாக ஆட்டிப் பழகிய தலை. தானாக ஆடியது.

கொரோனா காலத்துத் தேர்தல் அது. அடுத்தடுத்த நாளில் இரண்டு வேட்பாளர்கள் ஊருக்குள் வந்தார்கள். முதல் நாள் வந்தவர் படித்தவர், நன்றாகத்தான் பேசினார். ஊரில் தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது, எங்கிருந்து குழாய் போட்டுக் கொண்டுவரலாம் என்பதையெல்லாம் காகிதத்தோடு விளக்கினார். ஆனால் தெரு முனையில் வண்டிக்குப் பின்னால் அவருடைய ஆள் அவர் கையில் சானிடைசர் ஊற்றியதை நாலு பெண்கள் பார்த்துவிட்டார்கள். "நம்மள தொட்டுட்டு மருந்து பூசிக்கிறான் பாரு" என்றாள் மங்கலம். ரேஷன் கடையில் அவளும்தான் பூசிக்கொண்டிருந்தாள். அது யாருக்கும் நினைவு வரவில்லை. காகிதத்தில் இருந்தது ஒருவருக்கும் ஞாபகமில்லை, கையில் ஊற்றியது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் இளவழகன் வந்தான். நடந்தே வந்தான். கொளஞ்சி வீட்டு வாசலில் நின்று, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "தாகமா இருக்குக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான்.

உள்ளே போய்ச் செம்பைக் குடத்தில் விடப் போனாள். மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் மினுமினுத்தது. வீடு தேடி வந்தவனுக்கு இதையா கொடுப்பது? மூலையில் மகள் சிந்துஜாவுக்காக வாங்கும் கேன் இருந்தது. அதைச் சாய்த்து நிரப்பினாள். அதில் சூது எதுவும் இல்லை. யார் வந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

அவன் செம்பில் வாய் வைத்து முழுக்கக் குடித்தான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்து மங்கலம் கேட்டாள்: "ஏண்டி, நம்ம போரு தண்ணியா?"

அவனும் கொளஞ்சியைப் பார்த்தான். ஒரு நொடிதான். இல்லை என்றால் அவனுக்கும் அசிங்கம், தனக்கும் அசிங்கம் என்று பட்டது. "ஆமாக்கா" என்றாள். அவன் சிரித்தான். தெருவைப் பார்த்துத் திரும்பி, "உங்க தண்ணியக் குடிச்சவன் நான், மறக்க மாட்டேன்" என்றான். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவன் ஜெயித்தான். அடுத்த வாரமே மங்கலம் கேனை நிறுத்தினாள். "எம்.எல்.ஏ.வே குடிச்சாரு, நமக்கு இன்னா கேடு?" என்றாள். கொளஞ்சி நிறுத்தவில்லை. கேன் ஆட்டோ வரும்போதெல்லாம் மங்கலம் வாசலில் நின்று, "மகாராணிக்கு மெனரல் வாட்டர் வந்தாச்சு" என்று கேலி செய்வாள். "புள்ளைக்கு ஒத்துக்கல அக்கா" என்று கொளஞ்சி உள்ளே போய்விடுவாள். அன்றே சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் சொல்லியிருக்கலாம். நாளாக ஆக, சொல்வதைவிடச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் சொல்வதுதான் பெரிய பாடாகத் தெரிந்தது.

இத்தனை வருஷமும் அவளுக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. அவனுக்குத் தெரிந்திருக்காது என்பது. ஊர்த் தண்ணீர் என்று நம்பித்தான் அவன் குடித்திருப்பான். அவன் நல்லவனாக இருந்துவிட்டால் பொய் தன்னோடு நின்றுவிடும், ஊர் நம்பியதில் பாதியாவது உண்மையாக இருக்கும். ஜெயித்ததும் குழாய்த் திட்டத்துக்கு அவன் நட்ட அடிக்கல் மட்டும் ஓடை ஓரத்தில் சாய்ந்து கிடப்பதைப் பார்க்கும்போதுகூட, மனசு நல்ல மனசு, மேலிடத்தில் விடமாட்டேன் என்கிறார்கள் போல என்றுதான் நினைத்துக்கொள்வாள். இன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் அந்தப் பிடிமானம் ஆடிவிட்டது. நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

செம்மங்குப்பத்துக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, மங்கலத்தைக் கைத்தாங்கலாக நடத்திக் கொண்டுவந்து அவள் வீட்டில் விட்டாள். தன் வீட்டு வாசலில் புருஷனின் அண்ணன் சிங்காரம் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கட்சியின் கிளைச் செயலாளர். கையில் துணிப்பை.

"எங்கம்மா போயிட்ட? ஒரு மணி நேரமா வெயில்ல காயறேன். நாளைக்கு காலைல பத்து மணிக்கு நம்ம எம்.எல்.ஏ. அண்ணன் வராரு. நேரா உன் வாசலுக்குத்தான்."

"இன்னாத்துக்கு மாமா?"

"தண்ணி குடிக்கத்தான். கடலூர்லேர்ந்து ரெண்டு பேரு வீடியோ எடுக்க வரானுவோ. அன்னிக்கிக் குடுத்த மாதிரியே குடுக்கணும். 'அஞ்சு வருஷம் ஆனாலும் அதே தாகம், அதே அக்கா'ன்னு போடப் போறானுவோ." பையிலிருந்து புத்தம் புதுச் செம்பு ஒன்றை எடுத்தார். "அன்னிக்கி ஒரு பச்சைப் பொடவ கட்டியிருந்தியாமே, இருக்கா?"

"கிழிஞ்சிடுச்சு."

"போவுது. வேற பச்ச ஒண்ணு கட்டு."

கொளஞ்சி செம்பைப் பார்த்தாள். கேட்காமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டாள். "எந்தத் தண்ணி மாமா குடுக்கறது?"

சிங்காரம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தெருவை ஒரு பார்வை பார்த்துக் குரலை இறக்கினார். "நல்லா கேட்ட போ. அன்னிக்கிக் குடுத்தியே, கேனு, அதேதான். அண்ணன் அன்னிக்கே வண்டில ஏறினதும் சொல்லிட்டாரு. 'சிங்காரம், அந்த அக்கா வெவரமான பொம்பள. கேன் தண்ணிய ஊத்திட்டு கண்ண சிமிட்டாம போருன்னுச்சு பாரு, காசு குடுத்தாலும் இப்படி ஒரு ஆளு கெடைக்காது'ன்னாரு. இப்பவும் என்னப் பாத்தா மொத கேள்வி, அந்த அக்கா நல்லா இருக்காங்களான்னுதான்."

அவள் ஐந்து வருஷமாக அவனை எடை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒரே மடக்கில் அவளை எடை போட்டு முடித்திருக்கிறான். அவன் வாசலில் பார்த்துச் சிரித்தது நன்றியால் இல்லை. இவள் நம்ம ஆள் என்று கண்டுகொண்ட சிரிப்பு.

"என்னால முடியாது மாமா."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

சிங்காரத்தின் முகம் சுருங்கியது. "சிந்துஜா நர்சிங் முடிச்சிட்டு வீட்டுலயே குந்திகினு இருக்கு. அண்ணன் ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே வேல. யோசிச்சிப் பேசு. தாகம்னு வரவனுக்குத் தண்ணி இல்லன்னு எவளாவது சொல்லுவாளா?"

"தாகமா வந்தா குடுப்பேன்."

உள்ளே சிந்துஜா தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று கொளஞ்சிக்குத் தெரிந்தது.

எதிர் வாசலில் மங்கலம் படியில் உட்கார்ந்து, புது மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் குடத்தில் தம்ளரை விட்டு மொண்டாள். சிங்காரத்தின் கையில் மின்னிய செம்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"இன்னா சிங்காரம், நாளைக்கு வராராமே? கொளஞ்சி, நாளைக்கும் நம்ம தண்ணிதான?"

சிங்காரம் உதட்டை அசைக்காமல் சொன்னார். "ஆமான்னு சொல்லிடும்மா."

கொளஞ்சி படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"இல்லக்கா," என்றாள். "அந்தத் தம்ளரக் கீழ வையி. வரேன் இரு."