இறக்கி வைத்த பெயர்

கஸ்மாடிக்குக் கொஞ்சமாவது மூளை இருந்திருந்தால் பெற்ற பிள்ளைக்கு அப்படி ஒரு பெயரை வைத்திருக்கமாட்டான். உழுவது குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு வயல், குடியிருப்பது மூங்கில் தட்டி வீடு. பக்கத்து ஊரில் விடிய விடியப் பாவைக்கூத்து பார்த்துவிட்டு வந்தவன், காலைக்கூடக் கழுவாமல் பிரசவித்துக் கிடந்த பெண்டாட்டி முன்னால் நின்று, "ஜகத் பமுங்காஸ்" என்றான். உலகத்துக்கே முடிவானவன் என்று அர்த்தமாம். அரண்மனையில் பிறந்தவர்கள் தாங்குகிற பெயர் அது.

"ஏன்டா, நம்ம சேத்துக்கும் சாணிக்கும் பொருந்துற மாதிரி ஒரு பேரு உனக்குக் கிடைக்கலையா?" என்று அப்போதே கேட்டேன்.

"நீ தெம்பே கட்டுற வேலையைப் பாருக்கா. எம்புள்ள பெரிய ஆபீசரா வரப்போறான்."

என் பெயர் துமினா. சோயாவை வேகவைத்து, வாழை இலையில் கட்டிப் புளிக்கவிட்டு, தெம்பே விற்பது என் பிழைப்பு. அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மூங்கில் தட்டி. அவர்கள் தும்மினால் எனக்குக் கேட்கும். ஆகவே நான் சொல்வது எதுவும் யாரோ சொல்லிக் கேட்டது இல்லை.

கஸ்மாடியின் பெண்டாட்டி வார்சினிக்கு அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. முதல் மழைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டால் வயிற்றுப்போக்கு, அது நின்றால் வலிப்பு. வார்சினி அவனைத் துணியில் முடிந்து இடுப்போடு கட்டிக்கொண்டேதான் நாற்று நட்டாள், உலை வைத்தாள், சந்தைக்குப் போனாள். அவன் முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டு கிடப்பான். பேச்சு வந்த பிறகும் அவனுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தை. "அம்மா, தூக்கு." கம்மிப்போன குரலில் அதையே சொல்லிக்கொண்டிருப்பான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் போட்ட ஊசியில் பிள்ளையின் தொடை கல்லாகிப் போனதுதான் மிச்சம். கடைசியில் விர்யா தாத்தாவிடம் காட்டினார்கள். விதைப்புக்கு நாள் குறிப்பது, விருந்துக்கு மந்திரம் சொல்வது எல்லாம் எங்கள் ஊரில் அவர்தான். மூன்று வயதுப் பிள்ளை, தூக்கிப் பார்த்தால் ஒரு கோழி எடைகூட இல்லை. தாத்தா அவனை ஒரு முறை பார்த்தார், கஸ்மாடியை ஒரு முறை பார்த்தார்.

"பேரு கனம்டா. சுமக்க முடியாம நசுங்குறான். இறக்கி வெச்சிரணும்."

பாயை விரித்து அக்கம்பக்கத்தார் உட்கார்ந்தோம். பனைவெல்லம் போட்ட சிவப்புக் கஞ்சியும் வெள்ளைக் கஞ்சியும் நடுவில் வைத்தார்கள். இன்றோடு அந்தப் பெயர் இவனுடையது இல்லை, இவன் இனிமேல் துகுல் என்று தாத்தா அறிவித்தார். துகுல் என்றால் முளைவிடுவது. நாற்றங்காலில் நாங்கள் தினமும் சொல்கிற சொல். ஆளுக்கொரு கை கஞ்சி சாப்பிட்டோம்.

"இறக்கி வெச்ச பேரு எங்க தாத்தா போகும்?" என்று கஸ்மாடி கேட்டான்.

"எங்க போகும்? இங்கதான் எங்கயாவது கெடக்கும். யாரும் கூப்பிடாத வரைக்கும் அதுபாட்டுக்குக் கெடக்கும்."

அவர் அதை வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

அதற்குப் பிறகு பையன் தேறியதைப் பார்க்க வேண்டுமே! கன்னத்தில் சதை பிடித்தது, கால் தரையில் நிற்கவில்லை. வெட்டுக்கிளி பிடிக்கிறேன் என்று வரப்பெல்லாம் மிதித்து நாலு பேரிடம் திட்டு வாங்கினான். பொரிப்பதற்கு வைத்திருந்த தெம்பேயை என் கண்ணெதிரே எடுத்துத் தின்றுவிட்டு, "பூனை தின்னுருச்சு பெரியம்மா" என்றான். பழைய பெயர் அவனுக்கே மறந்துபோனது. ஊரில் ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

வார்சினி மட்டும் சந்தோஷப்படவில்லை. வாய்க்காலில் துணி துவைக்கும்போது ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"என்னடி மூஞ்சி? புள்ளதான் தேறிட்டானே."

"தேறிட்டான்க்கா. நல்லா இருக்கான். யாரு வீட்டுப் புள்ளையோ மாதிரி நல்லா இருக்கான்."

"வாயில அடி."

"காலையில எந்திரிச்சா ஓடிர்றான். பசிச்சாத்தான் வர்றான். ராத்திரி கையைப் போட்டா தட்டிவிட்டுட்டுத் திரும்பிப் படுக்குறான். அவன் இப்படி இல்லக்கா."

"எவன்?"

அவள் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். கொழுப்பு என்றுதான் அப்போது நினைத்தேன். செத்துப் பிழைத்த பிள்ளை ஓடியாடினால் நெஞ்சு நிறையவேண்டிய தாய், நோயில் கிடந்தவனை நினைத்து ஏங்குவாளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவனுக்கு ஆறு வயது நடந்தபோது, அறுப்புக் காலத்தில், ஒரு சாயங்காலம் துகுல் வீடு திரும்பவில்லை. கூடப் போன பையன்கள் வந்துவிட்டார்கள். வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டிருந்தான், அப்புறம் காணோம் என்றார்கள். வானம் மஞ்சளடித்துவிட்டது. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. மூங்கில் புதர்களில் இருக்கிற பேய்ச்சி பிள்ளைகளை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்வாள். சத்தம் போட்டால்தான் விடுவாள். ஆகவே ஆளாளுக்குச் சட்டி, முறம், தகரம் என்று கைக்குக் கிடைத்ததைத் தட்டிக்கொண்டு வயலில் இறங்கினோம். "துகுல்! துகுல்!" என்று ஊரே கூப்பிட்டது.

வார்சினி என் பக்கத்தில் முறத்தை அகப்பையால் தட்டியபடி வந்தாள். அவளும் துகுல் என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் கடன்காரன் பெயரைச் சொல்வது போல அது தொண்டைக்கு மேலேயே நின்றது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்து முடிந்தது. அறுத்த வயலில் தாள் மட்டும் தெரிந்தது. அவள் முறத்தைக் கீழே போட்டாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஜகத்!"

தட்டிக்கொண்டிருந்த எல்லாக் கைகளும் நின்றன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மூங்கில் புதருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"அம்மா."

ஆறு வயதுப் பையன் குரல் இல்லை அது. கம்மிப்போன, மூன்று வயதுக் குரல். வார்சினி பாய்ந்தாள். நான் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்தேன். நல்லவேளை எனக்குக் கனத்த உடம்பு, இல்லையென்றால் இழுத்துக்கொண்டே போயிருப்பாள்.

அதே நேரத்தில் வடக்கு வயலிலிருந்து கஸ்மாடியின் சத்தம் கேட்டது. "கிடைச்சுட்டான், கிடைச்சுட்டான்." களத்துக் குடிசையில் வைக்கோலுக்குள் தூங்கியிருக்கிறான் படவா. அப்பன் தோளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த துகுல், தாயைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான்.

"அம்மா, தூக்கு" என்றது மூங்கில் புதர்.

அங்கே நின்ற அத்தனை பேரும் கேட்டோம். வார்சினி நீட்டிய கையைப் பார்க்கவில்லை. புதரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளை இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

விர்யா தாத்தா அவள் வீட்டு வாசலிலேயே நின்று பேசினார்.

"கூப்பிட்டுட்ட. சரி. இனிமே பதில் மட்டும் சொல்லாத. நீ பதில் சொல்லலைன்னா அலுத்துப் போயிரும். வீட்டுக்குள்ள மட்டும் விட்டுராத. ஒரு ஒடம்பு, ரெண்டு பேரைத் தாங்காது."

அவள் தலையை ஆட்டினாள். பையனை யாரும் பழைய பெயர் பக்கமே கொண்டுபோகக்கூடாது, அது தன்னுடையது என்று தெரிந்தால், அதைக் கூப்பிடும்போது அவனே பதில் சொல்லிவிடுவான் என்று தாத்தா எங்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அது அலுத்துப் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் வாய்க்கால் கரையில் கேட்டது. அப்புறம் கிணற்றடியில். அப்புறம் அவர்கள் வீட்டுக் கொல்லையில், வாழை மரத்துக்குப் பின்னால். இருட்டு கட்டுகிற நேரத்தில் மட்டும், கொஞ்ச நேரம். அழாது, மிரட்டாது. "அம்மா, தூக்கு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி நிறுத்தும். அந்த நிறுத்தல்தான் தாங்க முடியாது. கஸ்மாடி ரேடியோவை முழுச் சத்தத்தில் வைப்பான். நானும் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுவேன்.

வார்சினி பதில் சொல்லவில்லை. அதற்காக அவளை நான் இன்றைக்கும் மெச்சுவேன். உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பயந்துபோன துகுல் வந்து மடியில் ஏறுவான். "கனமாயிட்டடா" என்று இறக்கிவிடுவாள். அவன் மறுபடி ஏறுவான். அவள் மறுபடி இறக்கிவிடுவாள். தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவளை அறையலாமா அணைக்கலாமா என்று தெரியாது.

கஸ்மாடி குத்தகை நெல்லைக் கொடுக்கப் போயிருந்த ஒரு சாயங்காலம். குரல் அன்றைக்கு அடுக்களைக் கதவை ஒட்டியே கேட்டது. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

"அம்மா, உள்ள வரட்டுமா?"

ரேடியோ நின்றது. அவள்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"துகுல், சோத்தை எடுத்துக்கிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போ. அங்கயே சாப்பிடு" என்று அவள் சொல்வது கேட்டது.

"நீ?"

"போ ராசா."

ராசா என்று அவள் அவனைக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. பையன் தட்டோடு என் வாசலுக்கு வந்தான். அவனை உள்ளே தள்ளிவிட்டு நான் கொல்லை வழியாக ஓடினேன். அடுக்களைக் கதவு திறந்து கிடந்தது. வரப்பில் அவள் போய்க்கொண்டிருந்தாள். பழைய துணியைத் தோளில் முடிந்து இடுப்போடு கட்டியிருந்தாள். துணி காலியாக இல்லை. கனத்துத் தொங்கியது. அதை ஒரு கையால் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தாள்.

"வார்சினி!"

திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மூன்று வருஷமாக நான் பார்க்காத முகம்.

"சத்தம் போடாதக்கா" என்றாள். "இப்பதான் தூங்குறான்."

என் கால் நகரவில்லை. நகர்த்தவும் நான் முயலவில்லை. அவள் வாய்க்காலில் இறங்குவதும், மூங்கில் புதருக்குள் குனிந்து நுழைவதும் தெரிந்தது. ஊரைக் கூட்டிக்கொண்டு சட்டியும் முறமுமாகப் போனபோது, கரையில் அவள் செருப்பு மட்டும் ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது. வாய்க்காலில் கணுக்கால் தண்ணீர். அதில் விழுந்து சாக ஒரு கோழிக்குஞ்சால்கூட முடியாது. புதரை வெட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

பட்டணத்துக்கு ஓடிவிட்டாள் என்று பேசுகிறவர்கள் பேசட்டும். உள்ளே விட்டால் துகுலுக்கு ஆகாது என்று தெரிந்துதான் அதைத் தூக்கிக்கொண்டு போனாள் என்று நான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாதி உண்மை. அந்த முகத்தைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை.

கஸ்மாடி வயலுக்குப் போகிறான், வருகிறான், பேசுவதில்லை. துகுல் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாக வளர்கிறான். சாயங்காலமானால் மட்டும் விளையாட்டை விட்டுவிட்டு வந்து, என் கொல்லைக் கதவோரம் உட்கார்ந்துகொள்வான். மூங்கில் புதரிலிருந்து இப்போது வேறு குரல் கேட்கிறது. வார்சினியின் குரல். கொஞ்சுகிற, சோறூட்டுகிற குரல். "ஜகத், ஆ காட்டு. ஜகத், என் தங்கம்."

முதல் தடவை கேட்டபோது நான் அவன் காதைப் பொத்தினேன். அவன் என் கையை விலக்கிவிட்டான்.

"அம்மாதானே பெரியம்மா?"

"காத்துடா. சாப்பிடு."

"அம்மாதான். யாரு ஜகத்?"

"எனக்கென்ன தெரியும்?"

ஊரில் யாரைக் கேட்டாலும் அவனுக்கு இதே பதில்தான் கிடைக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையிடம் ஊரே பொய் சொல்கிறது. சொல்லாவிட்டால் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டு அவனும் புதருக்குள் போய்விடுவான்.

நேற்று தெம்பே பொரித்து, சம்பல் அரைத்து, அவன் தட்டில் வைத்தேன். தொடவில்லை. குரல் எழுந்து, கொஞ்சி, அடங்குகிற வரைக்கும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். தன் பெயர் ஒரு தடவையாவது வருகிறதா என்று பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். வரவில்லை.

"பெரியம்மா, அந்த ஜகத் செத்துப் போயிட்டான்னா அம்மா என்னைக் கூப்பிடுவா இல்ல?" என்றான்.

நான் அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கனமாகத்தான் இருந்தான். இறக்கிவிடவில்லை.