குராமோச்சி மறந்துபோன வினைச்சொற்கள்

ஜப்பானின் செண்டாய் நகரத்தில் பெரிய அங்காடி ஒன்றில், புகார்களைக் கேட்கும் பிரிவில் நாங்கள் ஆறு பேர். எங்கள் தலைவர் குராமோச்சி. மரியாதை இலக்கணத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாடிக்கையாளர் சாப்பிட்டால் அதற்கு ஓர் உயர்ந்த வினை, நாம் சாப்பிட்டால் தாழ்ந்த வினை, கூட்டாளி சாப்பிட்டால் சாதாரண வினை. கடை திறக்குமுன் தினமும் எங்களை ஒப்பிக்க வைப்பார். ஆயுளுக்கும் மறக்கக்கூடாது என்று, சொற்களை அட்டைகளில் எழுதி ஒரு நாள் விட்டு, ஒரு வாரம் விட்டு, ஒரு மாதம் விட்டுக் கேட்பார்.

அதிகம் திட்டு வாங்கியவள் ஹன்யூ. வேலைக்கு வந்து ஒன்பது வருடம். இன்னமும் தன்னை உயர்த்தி வாடிக்கையாளரைத் தாழ்த்திவிடுவாள்.

ஓர் அக்டோபர் மாதம் குராமோச்சி காலுக்கொரு நிறக் காலுறையோடு வந்தார். மதியச் சாப்பாட்டின்போது என்ன ஆயிற்று என்று ஹன்யூ கேட்டேவிட்டாள்.

"இல்லாள் சுமியே அவர்கள் யமகதாவில் தமக்கையார் இல்லத்துக்கு எழுந்தருளிவிட்டார்" என்றார்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்களா? ஏன் சார்?"

"இருபத்தேழு வருடங்களாக அடியேன் அவரை வாடிக்கையாளராக நடத்துவதாகச் சொல்கிறார். குளியல் நீர் தங்கள் வருகைக்குக் காத்திருக்கிறது என்றுதான் அன்று விண்ணப்பித்தேன். பெட்டியைக் கட்டிவிட்டார்."

"ஃபோன் போட்டு சாதாரணமா 'வா'ன்னு சொல்லுங்களேன்."

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. "அந்த வினைகள் மறந்துவிட்டன" என்றார் மெதுவாக.

அன்று மாலையே ஹன்யூ அட்டைகளை வெட்டினாள். வா. போ. சாப்டியா. கோச்சுக்காத. மாடிப்படியில் நிற்க வைத்துக் கேட்டாள்.

"வீட்டுக்கு வரச் சொல்லுங்க பாப்போம்."

"வருகை தந்தரு..."

"போச்சு. முதல்லேருந்து."

ஐந்து வாரம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி யமகதாவுக்குப் போனார். சுமியேதான் கதவைத் திறந்தாள்.

"வீட்டுக்கு வா. நீ இல்லாம சோறு இறங்கல" என்றாராம். சுமியே அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கால்மணி நேரம் வாசலிலேயே நின்றார். பெட்டியோடு திரும்பி வந்தாள்.

படித்தது நன்றாகப் பதிந்துவிட்டதுதான் வினை. செவ்வாய்க்கிழமை கடைத் தலைவரின் மாமியார் கிழிந்த கிமோனோ இடுப்புப் பட்டையோடு வந்தார்.

"என்னம்மா, கிழிஞ்சிருச்சா? குடு பாப்போம்" என்றார் குராமோச்சி.

அந்த வாரமே அவரை நிலத்தடிக் கிடங்குக்கு மாற்றினார்கள். மேலிடத்து விசாரணையில், ஐந்தே வாரத்தில் ஒரு மனிதருக்கு இலக்கணத்தை மறக்காதபடி பதிய வைத்தது ஹன்யூ என்று தெரிந்தது. பயிற்சியளிப்பதில் அரிய திறமை என்று எழுதி, அவளையே தலைவராக்கினார்கள். அவள் தப்பும் தவறுமாகச் சொல்வதை நாங்கள் அப்படியே திருப்பிச் சொல்கிறோம்.

போன வாரம் சரக்கு எடுக்கக் கிடங்குக்கு இறங்கினேன். மதிய உணவு கொண்டுவந்திருந்த சுமியேயும் குராமோச்சியும் அட்டைப்பெட்டிகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"முள்ளங்கி ஊறுகாய்ல உப்பை அள்ளிக் கொட்டிட்ட."

"அப்ப நாளையிலேருந்து நீயே போட்டுக்கோ."

இருவரும் அந்த ஊறுகாயை மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டிருந்தார்கள்.