முசுறு காத்த மரம்

கிழக்கு வெளுக்கும்போதே இன்னாசி தெற்குக் காட்டில் ஒரு முந்திரி மரத்தின்மேல் இருந்தான். மார்கழிப் பனியில் பட்டை வழுக்கியது. ரம்பத்தை இழுக்க இழுக்கத் தூள் மூக்குக்குள் ஏறி, அறுப்புக்கும் தும்மலுக்கும் நடுவே ஒரு கைகலப்பு நடந்துகொண்டிருந்தது. உயரமென்றால் அவனுக்குப் பயம். எறும்பென்றால் அதைவிடப் பயம். அப்படிப்பட்டவனைப் பார்த்துத்தான் ஆண்டவர் மரமேறும் வேலையைக் கொடுத்திருந்தார்.

கிளை முறிந்து விழுந்தது. வெட்டுவாய் கறுத்திருந்தது. வெடித்த பட்டையில் அரக்கு நிறத்தில் பிசின் ஒழுகியது.

"இதுலயும் சீக்கு."

வெட்டுவாயில் பூச மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பசையோடு கீழே நின்ற பொற்கொடி அண்ணாந்தாள். அவள் கைகள் மணிக்கட்டு வரை நீலம்.

"ரம்பத்தக் குடுங்கண்ணே, முக்கித் தாரேன்."

"ஒரு நாளைக்கு நாப்பது மரம். முக்கி வச்சு நூறு எண்ணிக்கிட்டு இருந்தா வெளங்குமா? நான் ஜெபமாலையிலயே நாலு மணியத் தாண்டுற ஆளு."

போன வருடமும் இதையேதான் சொன்னான். வேளாண்மை அலுவலகத்து இளமதி மேடம் அப்போது வந்து, இது பூஞ்சணம், ரம்பத்தின் பல்லில் ஒட்டி அடுத்த மரத்துக்குப் போகும், ஒவ்வொரு மரம் முடிந்ததும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கி நூறு எண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி கார்த்திகேயன் தலையாட்டினார். மறுநாளே ரம்பத்துக்கு நாற்பது மரம், குறைந்தால் அரைக்கூலி என்று உத்தரவு வந்தது. வாளி ஓரமாகப் போனது.

எட்டு மணிக்குச் சென்னையிலிருந்து முதலாளியின் கார் வந்தது. தெற்குக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். பாதி மரம் பட்டுப்போய் நின்றது. ஆட்களைக் கூப்பிட்டார். எட்டுக் குடும்பம், தோப்பு வாசலில் வரிசையாக நிற்கும் ஓட்டு வீடுகளில் இருபது வருடமாக இருப்பவர்கள்.

"தெக்குக் காடு போச்சு. வடக்க ஆயிரம் மரம் இருக்கு. ஒரே வாரத்துல கெளை கழிச்சு முடிங்க. அதுலயும் சீக்கு வந்துச்சுன்னா மொத்தத்தையும் தள்ளிட்டுத் தைல மரம் வச்சுருவேன். அதுக்கு ஆள் தேவையில்ல. வீட்டைக் காலி பண்ணிக்கிங்க."

இன்னாசிக்குப் புரிந்தது. அவசரமாக அறுத்தால் சீக்கு பரவும், வீடு போகும். நிதானமாக அறுத்தால் நாற்பது வராது; வேலை போகும், பின்னாலேயே வீடும் போகும். எலிப்பொறியிலாவது ஒரு தேங்காய்ச் சில்லு வைப்பார்கள்.

"ரம்பத்த முக்க நேரம் குடுங்க மொதலாளி. பரவாது" என்றான் ஆரோக்கியதாஸ். அவனும் ரம்பக்காரன்தான்.

"முக்க வேணாம்னு நானா சொன்னேன்?"

"நாப்பது மரம்னு சொன்னீங்க."

"முக்கிட்டு நாப்பது வெட்டு."

"அப்ப பகலுக்கு இன்னொரு சூரியன் வாங்கிக் குடுங்க" என்றாள் பொற்கொடி.

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. மழையில வந்த சீக்குக்கு ரம்பம் என்ன பண்ணும்? காட்டுங்க பாப்பம்."

காட்ட இன்னாசியால் முடியும். காட்டினால் அவன் மானம் போகும். பிசின் ஒட்டிய உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தான், போகவில்லை.

"வாங்க" என்று முன்னால் நடந்தான்.

மூன்றாம் வரிசையில் முப்பது மரம். இருபத்தொன்பதில் பிசின். நடுவே ஒன்று மட்டும் தளதளவென்று பூவெடுத்து நின்றது. அதன் இலைகளைப் பந்தாகத் தைத்து முசுறு எறும்பு கூடு கட்டியிருந்தது.

"போன வருசம் இந்த வரிசை ஏங்கையில. இந்த ஒண்ணுல மட்டும் முசுறுக்குப் பயந்து ஏறல. ஏறினதாப் பொய் சொல்லி நாப்பதுல சேத்துட்டேன். ரம்பம் படாத மரம் இதுதான். மழ இதுக்கும்தான பேஞ்சுச்சு?"

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் சிரிக்கவில்லை.

"மத்த இருபத்தொம்பதையும் நாந்தான் கொன்னுருக்கேன்."

"நீங்க மட்டுமாண்ணே?" என்றாள் பொற்கொடி. "எல்லா ரம்பமும்தான். நாப்பதுன்னு சொன்ன வாயும்தான்."

கார்த்திகேயன் நிதானமாகச் சொன்னார். "தப்பு ஒங்களோடதுன்னு ஒத்துக்கிட்டாச்சு. அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

இன்னாசியின் தலை தொங்கியது. பொறியின் கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்ட எலி அவன் ஒருவனாகத்தான் இருக்கும். அவன் தோளில் ஆரோக்கியதாஸின் கை விழுந்தது.

"எழுதுங்க மொதலாளி. நாப்பதுன்னு சொன்னது யாருன்னும் சேத்து எழுதுங்க. எட்டு வீடும் போடுறோம். கீழ நீங்களும் போடணும்."

கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. "நாளைக்கு வந்து நிப்பேன். நாப்பது வரலைன்னா ஒருத்தரும் உள்ள கால் வைக்கக் கூடாது!"

மறுநாள் விடியலில் வடக்குக் காட்டில் நாலு ரம்பம், நாலு வாளி. ராத்திரி எந்த வீட்டிலும் யாரும் மூட்டை கட்டவில்லை. முதல் மரம் முடிந்ததும் நாலு ரம்பமும் தண்ணீருக்குள் போயின. பிளீச்சிங் நெடி கண்ணைக் கரித்தது. எட்டு வீட்டுப் பதினாறு பேரும் சுற்றி நின்று சத்தமாக எண்ணினார்கள். வாசலில் கார் நின்றது. ஹாரன் அலறியது.

"அறுபத்தாறு, அறுபத்தேழு..." ஹாரனில் திடுக்கிட்ட இன்னாசி, "எழுபத்திரண்டு" என்றான்.

"அண்ணே! நாலு மணியத் தாண்டிட்டீங்க."

கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த கை கடிகாரத்தைத் தட்டிக் காட்டியது. அங்கே ஒரு பார்வை பார்த்த ஆரோக்கியதாஸ், "அப்ப மொதல்லருந்து வாங்க" என்றான்.

இன்னாசி தொண்டையைச் செருமினான். கால் நடுங்கத்தான் செய்தது, தரையில் நின்றும்கூட.

"ஒண்ணு."

பதினாறு குரல் ஒன்றாக வந்தது.

"ரெண்டு."