கல்லில் இருந்த மூன்று

பட்டாளத்திலிருந்து வந்திருந்த கணவன் விஜய்யின் லீவு முடிய ஒரு நாள் இருந்தபோது பூஜா அந்தக் காரியத்தைச் செய்தாள். தீபாவளிக்கு வீட்டுச் சுவரைப் பூசியதில் மிஞ்சிய வெள்ளை சிமெண்டை டப்பாவில் குழைத்துக்கொண்டு, ஊரே சாப்பிட்டுப் படுத்திருந்த மதிய நேரத்தில் சாவடிக்குப் போனாள்.

சாவடிச் சுவரில் ஒரு சலவைக்கல் உண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் பதித்தது. இந்த ஊரிலிருந்து 19 பேர் போருக்குப் போனார்கள் என்று ஒரு வரி. அவர்களில் 3 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இன்னொரு வரி. பெயர்கள் கிடையாது. பட்டாளத்தில் இருப்பவர் யார் லீவு முடிந்து கிளம்பினாலும், அவர் மனைவி அந்த 19-க்குச் சிவப்புப் பெயின்ட் தீட்டிக் கற்பூரம் காட்டித்தான் பஸ் ஏற்றுவாள். அடுத்த வரியை அவர்கள் யாரும் தொடுவதில்லை.

பூஜா திருப்புட்குழியிலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கல்யாண லீவு முடிந்து விஜய் கிளம்பியபோது அவளும் 19-க்குத்தான் தீட்டினாள். ஆனால் கண் 3-லேயே நின்றுவிட்டது. அதன்பிறகு அவன் ஒருமுறை போன் எடுக்காவிட்டாலும் அந்த எண்தான் முன்னால் வந்து நிற்கும். இந்தத் தடவை அது கண்ணில் படவே கூடாது. விரலால் சிமெண்டை அழுத்தி, 3 இருந்த இடத்தை வழவழவென்று ஆக்கிவிட்டு வந்தாள்.

மறுநாள் காலை கற்பூரத் தட்டும் சிவப்புப் பெயின்ட்டும் பிரஷ்ஷுமாக அவள் போனபோது அங்கே ஷாரோன் நின்றிருந்தாள். காலனிப் பெண். ஒரகடம் கம்பெனிக்கு இருவரும் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போகிறவர்கள்; ஜன்னலோரம் எப்போதும் பூஜாவுக்கு. ஷாரோன் கையில் சாமந்தி மாலையும் மெழுகுவர்த்தியும் இருந்தன. அன்று கல்லறைத் திருநாள்.

"பூஜா, இங்க பாரேன். மூணைக் காணோம்" என்றாள்.

உனக்கு எதற்கு அது என்று பூஜா கேட்டாள். ஷாரோன் சொன்னாள். அந்த மூவரில் ஒருவர் அவள் தாத்தாவின் தாத்தா சாமுவேல். இராக்கில் பாஸ்ரா பக்கம் போனவர். போட்டோ இல்லை, உடலும் வரவில்லை. சாவடிப் படி ஏற விடாத காலத்தில் அவருடைய மனைவி தெருமுனையில் நின்று இந்தக் கல்லைப் பார்த்து அழுதுவிட்டுப் போவாளாம். இப்போது வருஷா வருஷம் அவர்கள் வீட்டார் வந்து அந்த எண்ணைக் கழுவி மாலை சாத்துகிறார்கள்.

"எங்களுக்குக் கல்லறைன்னு கீறது இது ஒண்ணுதான்."

பூஜா தட்டைப் படியில் வைத்தாள். தான்தான் பூசியதாகச் சொன்னாள். ஏன் என்பதையும் சொன்னாள்.

ஷாரோன், "உன் வூட்டுக்காரரு நல்லாருக்கணும்னு எங்க ஆளை மூடிட்டியா?" என்றாள்.

பூஜா தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, கல்லின் முன் உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தாள். சிமெண்ட் ஒரு இரவில் இறுகியிருந்தது. ஊக்கு வளைந்தது, நிமிர்த்திக்கொண்டு மறுபடி சுரண்டினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஷாரோன், பாட்டில் தண்ணீரை அதன்மேல் மெல்ல ஊற்றினாள்.

பையோடு வந்த விஜய் இருவரையும் பார்த்தான், சிமெண்ட் தூளையும் பார்த்தான். புரிந்துவிட்டது. பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக்கொண்டு அவனும் உட்கார்ந்தான்.

"எங்க கேம்ப்ல சுவர் பூசறதுக்கு ஆள் தேடிக்கினு கீறாங்க. வர்றியா?" என்று பூஜாவைக் கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒன்பது மணி பஸ் வந்து நின்றது. விஜய் அதைப் போகச் சொல்லிக் கையசைத்தான். ரயில் சாயந்திரம்தான், அடுத்த பஸ் போதும் என்றான்.

முதலில் மேல் வளைவு தெரிந்தது, பிறகு கீழ் வளைவு. ஷாரோன் விரலால் தடவிப் பார்த்துவிட்டு மாலையைச் சாத்தினாள். பூஜா பிரஷ்ஷை எடுத்து, இதற்கும் தீட்டட்டுமா என்று அவளைக் கேட்டாள்.

"தீட்டு. கோட்டைத் தாண்டாம தீட்டு."

பூஜா முதலில் 3-க்குத் தீட்டினாள். அப்புறம் 19-க்கு. இந்த முறை இரண்டையும் நேராகப் பார்த்தாள். விஜய் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதிலேயே கற்பூரத்தையும் பற்றவைத்தான்.

அடுத்த பஸ்ஸில் அவன் ஏறிப் போனான். அது திரும்பி மறையும்வரை பூஜா கையசைத்தாள். பக்கத்தில் நின்ற ஷாரோன், அவள் தோளில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிவிட்டாள்.

"திங்கக்கிழமையிலேந்து ஒரு மாசம் ஜன்னல் சீட்டு எனக்கு" என்றாள்.