முருகையன் வீட்டு நிழல்

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் முருகையன் கட்டிய மாடிக்கு நிழல் கிடையாது. அதை உருவி எடுத்தவள் பக்கத்து வீட்டுச் சிவசங்கரி. எடுத்தது மே மாதம் இருபதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை. அன்று தெருவில் தண்ணீரும் வரவில்லை, ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிவசங்கரி வெயிலைக் கொண்டு துணி நெய்கிறவள். காலை ஆறேகாலிலிருந்து ஏழரைக்குள் தன் மொட்டைமாடியில் விழுகிற வெயிலை இரண்டு விரலால் கிள்ளி இழுத்து, பிரியாமல் இருக்கக் கஞ்சி தடவித் தறியில் ஏற்றுவாள். ஏழரைக்கு மேல் வெயில் மொறமொறத்துவிடும், இழுத்தால் அறுந்துபோகும். ஒருமுறை நோணாங்குப்பம் படகுத் துறையில் பிடித்த வெயிலில் துப்பட்டா நெய்தாள். அதைப் போர்த்திக்கொண்ட லாஸ்பேட்டை டீச்சருக்கு நாள் முழுக்கப் படகில் இருப்பதுபோலத் தலை சுற்றியதால் மறுநாளே திருப்பித் தந்துவிட்டார். அதிலிருந்து சொந்த மாடி வெயிலைத் தவிர வேறு எதையும் அவள் தொடுவதில்லை. அந்த வெயிலில் மூன்று வருஷமாக ஒரே துணியை நெய்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு முழத்தில் பதினோரு முழம் முடிந்திருந்தது. கடற்கரைப் பக்கம் கண்காட்சிக் கூடம் நடத்தும் பிரெஞ்சுக்கார மதாம் அதை ஜூலை பதினாலாம் தேதி தொங்கவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நாற்பத்தோரு வயதில் சிவசங்கரிக்கு இருந்தது அந்த ஒரே ஆசைதான். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம், துணி முடியட்டும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அப்போதுதான் அவள் வீட்டுக்குக் கிழக்கே முருகையன் மாடி எழுப்பினார். திருஷ்டிப் பூசணிக்காய் கட்டிய கையோடு அதன் நிழல் வந்து தறிமேல் உட்கார்ந்துகொண்டது. மிச்சத்தைச் சாயங்கால வெயிலில் முடித்துவிடேன் என்று தெருக்காரர்கள் பெரிய யோசனையாகச் சொன்னார்கள். முடிக்கலாம்தான், சாம்பாரில் பாயசத்தை ஊற்றின மாதிரி இருக்கும். சிவசங்கரி நேரே போய் நியாயம் கேட்டாள். முருகையன் பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"வெயிலுக்கு உம் பேர்ல பட்டா போட்டுக் குடுத்துருக்காங்களாம்மா? இருந்தா கொண்டா, மாடிய இடிச்சுடறேன்."

திரும்பி வந்தவள் தன் மாடியில் கிடந்த நிழலின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பிடித்து இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. கட்டடத்தின் நிழலோடு நின்றதா என்றால் இல்லை. முருகையன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்த இருட்டு, பீரோவுக்குப் பின்னால் இருந்தது, அடுப்படி டப்பாக்களுக்குள் இருந்தது என எல்லாம் சேர்ந்து இழுபட்டு வந்தன. பாய் மாதிரி சுருட்டித் தறிக்கு அடியில் வைத்துவிட்டு நெசவைத் தொடர்ந்தாள். எட்டுக் கிலோ தேறும், தொட்டால் சில்லென்று இருந்தது. முருகையன் போலீசுக்குப் போனார். காணாமல் போன பொருளின் நிறத்தை எழுதச் சொன்னார்கள், கறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த மாடியை அவர் எதற்குக் கட்டினார் என்பது சிவசங்கரிக்கு ஜூன் மாதம்தான் தெரிந்தது. புருஷன் வீடு சரிப்படாமல், நாலு மாதக் கைக்குழந்தையோடு அவர் மகள் பூவிழி அந்த மாடியில் வந்து குடியேறினாள். ஜன்னலைச் சாத்தினாலும் வெளிச்சம், விளக்கை அணைத்தாலும் வெளிச்சம். குழந்தை எட்டு நாள் கண்ணை மூடவில்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போனது. சிவசங்கரி அத்தனையையும் கேட்டபடியே நெய்தாள், இன்னும் அரை முழம்தான் பாக்கி. ஒன்பதாம் நாள் பூவிழி வந்து நின்றாள். சண்டை பிடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாங்க்கா. இவன் ஒரு மணி நேரம் தூங்குனா போதும்."

சிவசங்கரி அன்றைக்கே நிழலைத் தூக்கிக்கொண்டு போய் விரித்துப் பார்த்தாள். உருவின நிழல் திரும்ப ஒட்டவில்லை, கஞ்சி தடவியும் வழுக்கி விழுந்தது. தூளி கட்டினால் குழந்தை கனத்துக்குத் தாங்கவில்லை. அதை உறுதியான இழையில் கோத்து நெய்தால்தான் நிற்கும். உறுதியான இழை அவளிடம் ஒன்றுதான் இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடிய வெயிலை மட்டும் விட்டுவிட்டு, மூன்று வருஷமாகக் குறுக்கே போட்டதையெல்லாம் ஒன்றரை நாளில் பிரித்தாள். பிரிக்கும்போது ஓவென்று அழுதாள், அதில் மறைக்க என்ன இருக்கிறது. பிரித்த இடத்திலெல்லாம் நிழலைப் போட்டு நெய்து, தூளியாக்கிக் கொண்டுபோய்க் கட்டினாள். குழந்தை பதினாலு மணி நேரம் தூங்கியது. பூவிழியும் தூங்கினாள்.

துணி கூடத்துக்கு வராது என்று தெரிந்து, ஜூலை பதினாலாம் தேதி மதாம் கண்காட்சி பார்க்க வந்த முப்பது பேரோடு வேனில் வந்து இறங்கினார். சிவசங்கரி அவர்களை முருகையன் வீட்டு மாடிக்கே கூட்டிப்போனாள். வெளிப்பக்கம் காலை வெயிலும் உட்பக்கம் அந்தி இருட்டுமாகத் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"மெதுவா பேசுங்க மதாம். முழிச்சுக்குவான்."

முப்பது பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். முருகையன் எல்லோருக்கும் டீ கொடுத்தார், சிவசங்கரிக்கு மட்டும் இரண்டாவது டம்ளரும் கொடுத்தார். நாலரை மணிக்குக் குழந்தை எழுந்து, சிரித்து, தூளியை நனைத்தது. மதாம் பதறிப்போய்ச் சாயம் போய்விடுமா என்று கேட்டார். பூவிழி தூளியை அவிழ்த்துக் குழாயடியில் அலசிக் கொடியில் போட்டாள். சாயம் போகவில்லை.