பெயர் பின்னர் அறிவிக்கப்படும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையிலிருந்து வந்தது. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வில்மோர் ஊர் மைதானத்தில் ஆடுகளத்தின் மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். இந்த வருட வசந்தத்தில் அப்படி உட்கார்ந்திருந்தபோது, ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் ஆர்டன் ஹெக்ஸ்டாட் என் பக்கம் திரும்பினார்.

"வசு, போன கோடையில நடந்ததை நீ எழுதணும். ஆனா அந்தப் பையன் பேரை மட்டும் எழுதிடாதே."

சரி என்று தலையாட்டிவிட்டேன். பெயரில்லாத ஒருவனை வைத்து முதல் வாக்கியம் எழுதுவது எப்படிப்பட்ட பிழைப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் முயற்சி: "அயோவாவின் சோளக் கொல்லைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல..." (வேண்டாம். பேஸ்பால் கதை என்றால் உடனே சூரியனை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அன்றைக்கு மேகமூட்டம் வேறு.)

இரண்டாம் முயற்சி: "ஒரு மனிதனின் பெயர் என்பது..." (இந்த வாக்கியம் முடியும்போது நானே கொட்டாவி விடுவேன்.)

மூன்றாம் முயற்சி: பதினான்காம் எண் சட்டை போட்டவனுக்கு அந்தக் கோடையில் இருபத்துநான்கு வயது. அதாவது, கிழவன்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

கிழவன் என்றது ஏன் என்றால், எங்கள் வில்மோர் வண்டுகள் அணி ஓர் ஏணியின் இரண்டாம் படி. உச்சியில் ஏரிக்கரை நகரத்துப் பெரிய அணி இருக்கிறது. அதற்குக் கீழே நான்கு படிகள். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள் எங்களிடம் வந்து, நன்றாக ஆடினால் மேலே போய்விடுவார்கள். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போவார்கள். இருபத்துநான்கு வயதில் இரண்டாம் படியில் நிற்பவனை, கோடை முடிவதற்குள் மேலே ஏற்றாவிட்டால், அனுப்பிவிடுவார்கள். ஓக்லஹோமாவில் அவன் அப்பாவின் கோதுமை வயலும் அறுவடை இயந்திரமும் அவனுக்காகக் காத்திருந்தன. அவனுக்கோ அந்த இயந்திரத்தைக் கண்டாலே ஆகாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறேன். மாலையில் மைதானத்தின் அதிகாரப்பூர்வ ஸ்கோரர். ஒருவன் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால், அது அவன் பிழையா, அடித்தவன் சாமர்த்தியமா என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை. இரண்டு வேலைக்கும் இதுவரை யாரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

2

ஆர்டனைப் பற்றி நீளமாக எழுதி, பாதியைக் கிழித்துப் போட்டேன். மிச்சம் இதுதான்.

ஆர்டன் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். ஏணியின் நான்கு படிகளையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவர். இங்கே மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, முழங்கால் மேல் வைத்திருக்கும் போனில் மூன்றாம் படியின் ஆட்டம் ஓடும். அரிசோனா பாலைவனத்துப் பயிற்சி முகாமில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் எறிந்த பந்தைப் பார்த்துவிட்டு, சொந்தப் பேரன் முதல் அடி வைத்ததைப் போலப் பூரித்துப் போவார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் உள்ளூர் ரேடியோவில் ஒருவனைத் தேர்ந்தெடுத்து, "இவன்தான் என் ஆள். இவன் உச்சிக்குப் போவான்" என்று அறிவிப்பது அவர் வழக்கம். அங்கேதான் வினை. அவர் அறிவித்தவர்களில் ஒருவனுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. இன்னொருவன் இருபத்தொரு வயதில் அம்மை போட்டுப் படுத்தான். ஒருவன் ஆட்டத்தையே விட்டுவிட்டுப் பன்றி ஏற்றும் லாரி வாங்கினான். மரத்தில் கட்டிய வலைத் தொட்டிலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவனும் உண்டு.*

பதினோரு வருடம், பதினோரு பேர். ஒருவன்கூட உச்சியைப் பார்க்கவில்லை.

(* இவன் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டான். இப்போது காப்பீடு விற்கிறான். விபத்துக் காப்பீடு.)

போன வருடம் வசந்தத்தில் ஆர்டன் யாரையும் அறிவிக்கவில்லை. யாரும் மனதுக்குப் பிடிக்கவில்லை. மே மாதத்தில் பதினான்காம் எண் பந்தை வெளுத்துக் கட்டத் தொடங்கினான். ஆர்டன் அவனைப் பார்க்கும் பார்வையில் ஒரு கனிவு வந்துவிட்டது. அதை நான் கவனித்தேன். அவனும் கவனித்திருக்கிறான். ஒருநாள் ஆட்டத்துக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மைக் இருக்கும் எங்கள் அறைக்குப் படியேறி வந்தான்.

"சார், ஒரு உதவி."

"சொல்லுப்பா."

"என்னை உங்க ஆளுன்னு ரேடியோல சொல்லிடாதீங்க."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"சொல்லப் போறீங்கன்னு உங்க வீட்டு மார்லிஸ் மேடம் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கினான். "மைக்லயும் என் பேர் வேண்டாம் சார்."

"மைக்ல சொல்லாம எப்படிப்பா? அதுதானே என் வேலை?"

"மத்தவங்க பேரைச் சும்மா சொல்றீங்க. என் பேரைச் சொல்றப்போ குரல்ல ஒரு பாசம் வருது. அதான் சார் பயமா இருக்கு."

ஆர்டன் என்னைப் பார்த்தார். நான் பென்சில் சீவினேன்.

அன்றிலிருந்து ஒலிபெருக்கி இப்படித்தான் பேசியது: "அடுத்து மட்டை பிடிக்க வருபவர், பதினான்காம் எண்." ஒரு வாரத்தில் ஊர் முழுக்கப் புரிந்துகொண்டது. யாரும் அவன் பெயரை உச்சரிக்கவில்லை. தேவாலயத்தில் பாதிரியார்கூட "நம் பதினான்குக்காகவும்" என்று ஜெபித்ததாகக் கேள்வி. (ஜெபித்தது உண்மையா என்று தெரியாது. கதைக்கு நன்றாக இருக்கிறது, விட்டுவைக்கிறேன்.)

3

மார்லிஸ் ஆர்டனின் மனைவி. இந்தக் கதையில் அவள் அளவுக்கு மீறிப் புத்திசாலியாக வருகிறாளோ என்று எனக்குச் சந்தேகம். கையெழுத்துப் படியைக் கொடுத்துக் கேட்டேன்.

"நான் இவ்வளவு கம்மியாவா பேசினேன்?" என்றாள்.

ஆகவே அவள் பேசுகிறாள். ஜூன் மாதம், சாப்பாட்டு மேஜையில், வேகவைத்த சோளக்கதிர் ஒன்றைக் கடித்தபடி:

"ஏன் ஆர்டன், உன் வாய்க்கு இவ்வளவு சக்தி இருக்குன்னா அதை ஏன் நம்ம பசங்க மேல வீணாக்குற? பைன் ரேபிட்ஸ்ல ஒரு தடியன் இருக்கான்ல, அவனைச் சொல்லு."

தடியன் என்றது கோல்ட்டன் ஃப்ரீட் என்பவனை. பக்கத்து ஊர் அணி. வேறொரு பெரிய அணியின் ஏணி. எங்களுக்கு எதிராக வந்தால் பந்தை வாகன நிறுத்தத்துக்கு அனுப்பாமல் போகமாட்டான். என் காரின் பின் கண்ணாடி அவன் உடைத்ததுதான்.

"அது பாவம் மார்லிஸ்."

"என்ன பாவம்? புகழ்ந்துதானே பேசப் போற?"

ஆர்டன் ரேடியோவுக்குப் போனார். விளக்கெண்ணெய் குடித்தவர் குரலில், "இந்த வருடம் என் ஆள், கோல்ட்டன் ஃப்ரீட்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஊரே கைதட்டியது.

ஒரே வாரத்தில் ஃப்ரீட் மூன்றாம் படிக்குப் போனான். ஜூலை தொடக்கத்தில் நான்காம் படி. பிறகு அவர்கள் பெரிய அணியில் இரண்டு பேருக்குக் காலில் அடிபட, உச்சிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். அங்கே தன் முதல் பந்தையே மைதானத்துக்கு வெளியே ஹோம் ரன்னாக அடித்தான். யாருக்கு எதிராக என்று கேளுங்கள். எங்கள் ஏரிக்கரை அணிக்கு எதிராக.

ஆர்டன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.

4

மறுநாளே பதினான்காம் எண் படியேறி வந்தான். கையில் பன்றி வறுவல் சாண்ட்விச், தட்டை விடப் பெரியது. லஞ்சம்.

"சார், என் பேரைச் சொல்லுங்க."

"நீதானப்பா சொல்லாதேன்னே?"

"அது அப்போ சார்."

இடையில் ஒன்று நடந்திருந்தது. ஏரிக்கரை அணி பந்து எறியும் கிழவர் ஒருவரை இன்னொரு அணியிடமிருந்து வாங்கியது. பதிலுக்கு இரண்டு பேரையும், கூடவே "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் ஆட்டக்காரர்" ஒருவரையும் தருவதாக ஒப்பந்தம். இந்தத் தொழிலில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கொடுக்கப்போவது யார் என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்வார்கள். ஏணியில் நிற்கும் அத்தனை பேரும் அது நானா, நானா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு பிறந்துவிட்டது. பதினான்காம் எண்ணுக்கு மேலே போகவும் வழி தெரியவில்லை, வேறு அணிக்குப் போகவும் வழி தெரியவில்லை. அறுவடை இயந்திரம் மட்டும் தெரிந்தது.

"பன்னெண்டுக்கு ஒண்ணுதான் இதுவரைக்கும்," என்றேன் நான். "அந்தச் சராசரியில ஒருத்தன் ஆடினா அவனை அன்னிக்கே பஸ் ஏத்திடுவாங்க."

"அந்த ஒண்ணு எப்படி நடந்துச்சுன்னு யோசிங்க மேடம். சார் அவனை வெறுத்துக்கிட்டே சொன்னாரு. பாசம் இல்லாம சொன்னா வேலை செய்யுது."

ஆர்டன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அவர் முகம் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"அப்போ பதினோரு பசங்களையும் என் பாசம்தான் கெடுத்துச்சா?"

 அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு ஆர்டனே, "சரி, பயிற்சி பண்றேன்" என்றார்.

பயிற்சி வீட்டில் நடந்தது. மார்லிஸ் சொன்னதைச் சொல்கிறேன். "உப்பை எடு" என்று கேட்பதுபோல அவன் பெயரைச் சொல்லிப் பார்ப்பது. வரி நோட்டீஸ் படிப்பதுபோலச் சொல்லிப் பார்ப்பது. ஒவ்வொரு தடவையும் கடைசி எழுத்தில் குரல் குழைந்துவிடும். "கல்யாணம் ஆன நாள்லேருந்து என் பேரை ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்ல," என்றாள் மார்லிஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆகவே மைக்கில் "பதினான்காம் எண்" தொடர்ந்தது.

5

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஐந்தாம் இன்னிங்ஸ். அடுத்து மட்டை பிடிக்க வேண்டியவன் அவன். வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டி, மட்டையைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.

ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகையிலிருந்து மேனேஜர் கை காட்டிக் கூப்பிட்டார். அவன் திரும்பிப் போனான். மேனேஜர் அவனைக் கட்டிப்பிடித்தார்.

இந்த நாட்டில் பேஸ்பால் பார்ப்பவர்களுக்கு இது போதும். ஆட்டத்தின் நடுவில் ஒருவனை வெளியே எடுத்துக் கட்டிப்பிடித்தால் ஒன்று அவன் மேலே போகிறான், இல்லையென்றால் விற்கப்பட்டுவிட்டான். வீட்டுக்கு அனுப்புவதென்றால் கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் சொல்வார்கள், யாரும் கட்டிப்பிடிப்பதில்லை.

ஆனால் எங்கள் புது மேனேஜர் எல்லோரையும் கட்டிப்பிடிப்பவர். தார்ப்பாயை நேராக விரித்ததற்காக மைதானக்காரரைக் கட்டிப்பிடித்தவர். நடுவரைக்கூட ஒருமுறை. அவருடைய கட்டிப்பிடித்தலை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மேனேஜர் நடுவரிடம் ஆள் மாற்றம் சொன்னார். நடுவர் எங்கள் அறையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். ஆள் மாறினால், யாருக்குப் பதில் யார் என்று இரண்டு பெயரையும் அறிவித்தாக வேண்டும். அது விதி.

"எண்ணைச் சொன்னாப் போதுமா வசு?"

"இன்னிக்கு முடியாது ஆர்டன். பேரைச் சொல்லணும்."

கீழே இருந்த எல்லோரும் எழுந்து, முதுகை ஆடுகளத்துக்குக் காட்டிக்கொண்டு எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். கொட்டகை ஓரத்தில் அவனும் பார்த்தான்.

"உப்பு," என்று கிசுகிசுத்தாள், அன்றைக்கு எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்திருந்த மார்லிஸ். "உப்புன்னு நெனச்சுக்கிட்டு சொல்லு."

6

இங்கே கதையை முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் அவன் மூன்றாம் படிக்குப் போகிறான். நாங்கள் கைதட்டி அனுப்பிவைக்கிறோம். நன்றாக ஆடுகிறவனை வழியனுப்பியே பழகிய ஊர் இது. மறுநாள் அவன் இடத்தில் இன்னொரு பத்தொன்பது வயது நிற்கிறது. எனக்குப் பிடித்த முடிவு.

இரண்டாவதில், பின்னர் அறிவிக்கப்படும் அந்தப் பெயர் அவனுடையதுதான். (தலைப்போடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் இதை நானே நம்பமாட்டேன்.)

மூன்றாவதில் ஓக்லஹோமா, கோதுமை, அவன் அப்பா அறுவடை இயந்திரத்தின் சாவியை... (இந்த வாக்கியத்தை எழுதி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்கோரர் தீர்ப்பு: என் பிழை.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நான் மறைப்பதால் அவன் இன்னும் எங்கோ ஆடிக்கொண்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டுக்குப் போனவனுக்கும் மானம் உண்டு.

ஆர்டன் சொன்னது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன். மைக்கைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். உப்பை நினைத்தார், வரி நோட்டீஸை நினைத்தார், கோல்ட்டன் ஃப்ரீடைக்கூட நினைத்ததாகப் பிறகு சொன்னார். மே மாதத்திலிருந்து அடக்கி வைத்திருந்த பெயர் வெளியே வந்தது. முதல் எழுத்திலேயே குழைந்து, நடுவில் உடைந்து, கடைசி எழுத்து வருவதற்குள் மனிதர் அழுதுவிட்டார். வாகன நிறுத்தம் வரை கேட்டது.

"போச்சு," என்றாள் மார்லிஸ். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கீழே அவன் தொப்பியைக் கழற்றி எங்கள் அறையை நோக்கி உயர்த்திக் காட்டினான். சிரித்தானா என்று அந்தத் தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

ஆர்டனின் அறிவிப்பை அப்படியே கீழே தருகிறேன். ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். நீங்கள் ஒரு பெயரைப் போட்டு, வாய்விட்டுப் படியுங்கள். அவன் எங்கே போய்ச் சேருகிறான் என்பது நீங்கள் படிக்கும் குரலில் இருக்கிறது. இவ்வளவு தூரம் அவன் கூடவே வந்துவிட்டீர்கள். இனிப் பாசமில்லாமல் சொல்ல முடிகிறதா, பாருங்கள்.

"வில்மோர் வண்டுகள் அணியில் ஆள் மாற்றம். வெளியேறுபவர், பதினான்காம் எண், ______________."