கொசுறு பெட்ரோல்

கொசுறு வாங்காமல் ஒரு கடையை விட்டு இறங்கினால் மாரண்டஹள்ளிக் காய்கறித் தரகர் வெங்கடாசலத்துக்கு அன்றைக்குச் சோறு செரிக்காது. கத்தரிக்காய்க்கு நாலு, கொத்தமல்லிக்கு ஒரு பிடி, அதெல்லாம் நியாயம். யுத்த காலத்தில், கூப்பனுக்கு அளந்து ஊற்றும் பெட்ரோலுக்கும் கொசுறு கேட்டாரே, அதுதான் வினை. கடைக்காரன் மறுபேச்சில்லாமல் பீப்பாயின் அடிமண்டியைச் சாய்த்து ஊற்றிவிட்டான்.

மறுநாள் காலை, பாலக்கோடு தாண்டி ஒரு மேட்டில் அவருடைய மோட்டார் சைக்கிள் இருமிவிட்டு நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி காசியம்மாள் சீர்க்கூடையோடு இறங்கினாள். அவளுடைய செத்துப்போன அக்காளின் மகள் ராமக்காவுக்குக் கம்பைநல்லூரில் வளைகாப்பு. தாய் இடத்தில் நின்று முதல் வளையல் போட வேண்டியவள் இவள். நல்ல நேரம் உச்சிப்பொழுதோடு சரி. பிந்தினால் மாமியார்க்காரி போட்டுவிடுவாள். "கரியில ஓடுற பஸ்ஸ நம்பாத, நான் கொண்டுபோயி உடறேன்" என்று மார்தட்டியவர் வெங்கடாசலம்தான்.

மிச்சப் பெட்ரோலைத் தகரத்தில் பிடித்துக்கொண்டு, டாங்கியின் அடிக்குழாயைக் கழற்றினார். குழாய்த் தலையில் இருந்த விரல் நுனி அளவு பித்தளை வலை முழுக்கத் துருச்சேறு. அவசரத்தில் வேலமுள்ளால் குத்தினார். வலை கிழிந்தது.

"கிழிச்சாச்சுங்களா?"

"வலையில்லாம ஓட்டுனா அழுக்கு உள்ள போயி அடுத்த மேட்டுல நின்னுரும், புள்ள."

"கடைக்காரங்கிட்ட ஜெயிச்சுட்டு வந்தேன்னு நேத்து ஊரெல்லாம் சொன்னீங்களே!"

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவரிடம் விலை படியாத ஒரே ஆள் காசியம்மாள்தான்.

அவள் கூடையைக் கிளறி, பிறக்கப்போகும் பிள்ளைக்கென்று வாங்கிய பித்தளைப் பால்வடிகட்டியை எடுத்தாள். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பாக்குவெட்டியும் வந்தது.

"சீர்ப்பொருளுடி! வெட்டலாமா?"

"புள்ள பொறக்க ரெண்டு மாசம் கெடக்குதுங்க. வளையலுக்குப் பொழுது இல்ல. வெட்டுங்க."

வெட்டினார். அவள் அந்த வலைத்துண்டைச் சுண்டுவிரலில் சுற்றிக் குழலாக்கி, ஒரு நுனியை மடித்து அடைத்தாள். வடிகட்டியின் விளிம்புக் கம்பியால் அவர் அதைக் குழாய்த் தலையில் இறுக்கிக் கட்டினார். தகரத்துப் பெட்ரோலைத் தன் முந்தானையை நாலாய் மடித்து அவளே வடித்து ஊற்றினாள். மூன்றாம் உதையில் வண்டி உறுமியது.

"கெட்டியாப் புடிச்சுக்க."

"நீங்க ரோட்டப் பாருங்க."

கம்பைநல்லூர்ப் பந்தலில் மாமியார்க்காரி வளையலைக் கையில் எடுத்தேவிட்டாள். காசியம்மாள் புழுதித் தலையோடு உள்ளே பாய்ந்து, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, ராமக்காவின் கையில் முதல் வளையலை ஏற்றினாள்.

"ஐயோ, என்னா நாத்தம்!" என்று மூக்கைப் பொத்தினாள் மாமியார்க்காரி.

ஏழு மாதமாய் எந்த வாசமும் ஆகாமல் குமட்டிக்கொண்டிருந்த ராமக்கா, சின்னம்மாவின் பெட்ரோல் வாடை அடித்த உள்ளங்கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு நல்லாத்தான் இருக்குது. எடுக்காதீங்க சின்னம்மா."

அந்தப் பெண் கையை விடுகிற வழியாய் இல்லை. இரண்டாம் வளையலோடு மாமியார்க்காரி காத்து நின்றாள். பந்தல் வாசலில் வெங்கடாசலம் துருக்கறை பிடித்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டே, பார்த்தது போதாமல் எக்கி எக்கிப் பார்த்தார்.